மைனஸ் 111 டிகிரி மேகம்: ஓர் அகச்சிவப்பு அளவீட்டைப் பிரித்துப் பார்த்தால்

2018 டிசம்பர் 29 அன்று தென்மேற்குப் பசிபிக்கில், நவ்ரு தீவுக்குத் தெற்கே சுமார் 400 கி.மீ. தொலைவில், ஓர் இடிமழைத் தொகுதி ஓங்கி வளர்ந்து நின்றது. அதன் மேலே கடந்துபோன அமெரிக்காவின் நோவா-20 வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்பு உணரி, மேக உச்சியில் 161.96 கெல்வின் என்று பதிவு செய்தது. செல்சியஸ் கணக்கில் மைனஸ் 111.2 டிகிரி. அண்டார்க்டிகாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று வெப்பமானி காட்டிய மைனஸ் 89.2 டிகிரியைவிட இது 22 டிகிரி குறைவு. நிகழ்வை ஆராய்ந்த சைமன் பிரவுட், ஸ்காட் பாக்மையர் இருவரும் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் அறிந்தவரை செயற்கைக்கோள் அளந்ததிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை இதுதான் என்று பதிவு செய்தார்கள். அதற்கு முன் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுவந்தது 1990-இல் உருவான ஹில்டா புயல். அதன் மேக உச்சி 173 கெல்வின்.

இந்த அளவுக்குக் குளிர்ந்த ஓர் எண் திரையில் வந்தால் முதலில் யாரைச் சந்தேகிப்பது, மேகத்தையா கருவியையா? இந்த ஆய்வின் மையக் கேள்வி அதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: கருவியைத்தான். மேகத்தின் பக்கமிருந்து வரும் பிழைகள் கிட்டத்தட்ட எல்லாமே எண்ணை மேலே தள்ளும், அதாவது மேகத்தை உண்மையைவிடச் சூடாகக் காட்டும். எண்ணைக் கணிசமாகக் கீழே இழுக்கும் பிழைகள் உணரியிலும் நாம் கணக்கிடும் முறையிலும்தான் இருக்கின்றன. எனவே கருவி குற்றமற்றது என்று தெளிந்துவிட்டால், அந்த எண் மேகத்தின் உண்மையான வெப்பநிலைக்கு ஒரு மேல்வரம்பாகிவிடுகிறது. மேகத்தின் மிகக் குளிர்ந்த புள்ளி அதே அளவோ, அதைவிடக் குளிராகவோ இருந்திருக்கும்.

உணரி என்ன பார்க்கிறது

நோவா-20 இருப்பது சுமார் 824 கி.மீ. உயரத் துருவச் சுற்றுப்பாதையில். 2017 நவம்பர் 18 அன்று ஏவப்பட்டது. அதிலுள்ள விர்ஸ் என்ற உணரி 22 அலைவரிசைகளில், சுமார் 3,000 கி.மீ. அகலப் பட்டையாகப் பூமியை வருடிக்கொண்டே போகும். இந்த நிகழ்வுக்கு முக்கியமானது ஐ5 என்னும் அலைவரிசை. அதன் வீச்சு 10.5 முதல் 12.4 மைக்ரோமீட்டர், மையம் 11.45. நேர் கீழே பார்க்கும்போது ஒரு பிக்சல் 375 மீட்டர். இதே பகுதியை எம்15 (10.76 மைக்ரோமீட்டர்), எம்16 (12.01 மைக்ரோமீட்டர்) என்ற இரண்டு அலைவரிசைகளும் பார்க்கின்றன. அவற்றின் பிக்சல் 750 மீட்டர்.

11 மைக்ரோமீட்டர் பக்கம் வளிமண்டலம் ஏறக்குறைய ஒளிபுகும் சன்னல். நீராவி கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் 17 கி.மீ.க்கு மேல் நீராவி மிக அற்பம் என்பதால் இவ்வளவு உயர மேகத்துக்கு அந்தத் திருத்தம் தேவைப்படுவதில்லை. உணரி பெறுவது வெப்பநிலை அல்ல, கதிர்வீச்சு. பிளாங்க் சமன்பாட்டைத் தலைகீழாகப் போட்டு, இவ்வளவு கதிர்வீச்சைத் தரும் கரும்பொருளின் (தன் வெப்பநிலையில் உமிழக்கூடிய முழு அளவையும் உமிழும் பொருளின்) வெப்பநிலை என்ன என்று கணக்கிடுகிறோம். கிடைப்பதற்கு ஒளிர்வு வெப்பநிலை என்று பெயர்.

11.45 மைக்ரோமீட்டர் என்ற ஒற்றை அலைநீளத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு, ஸ்டெரேடியனுக்கு, மைக்ரோமீட்டருக்கு இத்தனை வாட் என்ற அலகில், 300 கெல்வின் கடல் பரப்பு 9.32 அனுப்புகிறது. 210 கெல்வின் சாதாரண இடிமேகப் பட்டடை (மேகத்தின் மேலே பக்கவாட்டில் பரவிய தட்டையான பகுதி) 1.53. 190 கெல்வின் உச்சி 0.81. நம் 162 கெல்வின் உச்சியோ வெறும் 0.26. கடலிலிருந்து வருவதில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் உணரிக்கு வந்து சேர்கிறது.

அதைவிட முக்கியம் சரிவு. 300 கெல்வினில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் கதிர்வீச்சு 0.132 மாறும். 162 கெல்வினில் ஒரு டிகிரிக்கு 0.0124 மட்டுமே. சமிக்ஞையில் வரும் அதே அளவு சலனம், கடலில் 0.1 டிகிரிப் பிழை என்றால் இந்த மேக உச்சியில் ஒரு டிகிரிக்கு மேற்பட்ட பிழை. அகச்சிவப்பில் மேகம் பார்ப்பவர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு விகிதம் இந்தப் பத்து மடங்கு.

கருவியை விசாரித்தல்

ஒவ்வொரு சுழற்சியிலும் விர்ஸின் தொலைநோக்கி அகச்சிவப்பு அளவைச் சரிபார்க்கப் பூமியைத் தவிர இரண்டு இடங்களைப் பார்க்கும். ஒன்று வெறும் விண்வெளி. மற்றொன்று சுமார் 292.5 கெல்வினில் வைக்கப்பட்ட கரும்பொருள் தகடு. இந்த இரண்டு புள்ளிகளையும் வைத்து, உணரி பதிவு செய்யும் எண்ணளவைக் கதிர்வீச்சாக மாற்றுகிறார்கள். 162 கெல்வின் மேகம் கிட்டத்தட்ட விண்வெளிப் புள்ளியை ஒட்டியே கிடக்கிறது. ஆகவே கரும்பொருள் பக்கத்துப் பிழை, அதாவது பெருக்கத்தில் வரும் பிழை, இங்கே பெரிதாகக் கடிக்காது. பெருக்கம் 0.5 சதவீதம் தவறினாலும் 0.26-இல் 0.0013 மட்டுமே, சுமார் 0.1 டிகிரி.

கடிப்பது பூச்சியப் பிழை, அதாவது தொடக்கப் புள்ளியே தள்ளிப்போவது. அதன் முக்கிய மூலம் உணரிக்குள்ளேயே இருக்கும் கண்ணாடி. ஒளியைத் திருப்பிவிடும் அந்தக் கண்ணாடிக்கும் வெப்பநிலை உண்டு, அதுவும் அகச்சிவப்பை உமிழும். 270 கெல்வின் கண்ணாடி முழுக் கரும்பொருளாக இருந்தால் 5.82 அளவு உமிழும். நல்ல கண்ணாடி அதில் சில சதவீதம்தான் உமிழ்கிறது, ஆனால் எத்தனை சதவீதம் என்பது ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து மாறும். விண்வெளியைப் பார்க்கும்போது ஒரு கோணம், மேகத்தைப் பார்க்கும்போது வேறொரு கோணம். இரண்டுக்கும் இடையிலான உமிழ்வு வேறுபாடு 1 சதவீதம் என்று வைத்து, அதைத் திருத்தாமல் விட்டால் பிழை 0.058. கடலுக்கு அது 0.4 டிகிரி. நம் மேகத்துக்கு 4.7 டிகிரி. வருடல் கோணத்துக்கு ஏற்ற உணர்வுத் திருத்தம் என்ற பெயரில் ஏவுவதற்கு முன்பே ஆய்வகத்தில் இதை அளந்து அட்டவணையாக வைத்துக்கொள்வது இதனால்தான். குளிர்ந்த மேகங்களைப் பற்றிப் பேசும் எவரும் அந்த அட்டவணையின் துல்லியத்தை நம்பித்தான் பேசுகிறார்கள்.

அடுத்தது இரைச்சல், அதாவது சமிக்ஞையில் தற்செயலாகக் கலக்கும் சலனம். 210 கெல்வினில் ஒரு பிக்சலின் இரைச்சல் 0.4 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சரிவு விகிதப்படி 162 கெல்வினில் அது 1.4 டிகிரி ஆகிவிடும். இது மட்டும் என்றால் பரவாயில்லை. நாம் தேடுவது சராசரியை அல்ல, மிகக் குறைந்த பிக்சலை. ஒரே வெப்பநிலையில் இருக்கும் 20 பிக்சல்களில் மிகக் குறைந்ததைப் பொறுக்கினால், அது சராசரியைவிட இரைச்சலைப் போல் சுமார் 1.9 மடங்கு கீழே நிற்கும். இங்கே 2.6 டிகிரி. மேகம் அப்படியே இருக்க, நாம் பொறுக்கிய முறையே அதைக் குளிரவைத்துவிடுகிறது. குறைந்தபட்ச வெப்பநிலை என்று தனியாக ஓர் எண்ணை மட்டும் அறிவிப்பது போதாது. அதைச் சுற்றிய 3×3 பிக்சல்களின் சராசரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சராசரி கதிர்வீச்சில் எடுக்கப்பட வேண்டும், பிறகுதான் வெப்பநிலையாக மாற்ற வேண்டும்.

விர்ஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பட்டையின் நடுப்பகுதியில், நேர் கீழிலிருந்து சுமார் 32 டிகிரி வருடல் கோணம் வரை, மூன்று மாதிரிகளைக் கூட்டி ஒரு பிக்சல் ஆக்குகிறது. அதற்கப்பால் 45 டிகிரி வரை இரண்டு. ஓரத்தில் ஒன்றே ஒன்று. பிக்சல் ஓரத்தில் அளவுமீறி வீங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் கூட்டல் குறையக் குறைய இரைச்சல் ஏறும். நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் 1.7 மடங்கு. ஒரு குளிர்ச்சிப் புள்ளி பட்டையின் ஓரத்தில் கிடைத்தால் அதை இருமடங்கு சந்தேகத்தோடு அணுகுவது நல்லது.

இந்த விசாரணையில் அலைவரிசைகளை ஒப்பிடுவது கைகொடுக்கும். ஐ5, எம்15, எம்16 மூன்றுக்கும் உணரிக்குள் தனித்தனி உணர்விகள் (கதிர்வீச்சை ஏற்கும் உறுப்புகள்). மூன்றிலும் அதே இடத்தில், அதே வடிவத்தில் குளிர்க் குமிழ் தெரிந்தால் அது உணர்வியின் கோளாறு அல்ல. 375 மீட்டர்ப் பிக்சல்களை நான்கு நான்காகக் கூட்டி 750 மீட்டராக்கி எம்15-உடன் ஒப்பிட வேண்டும். நேரடியாக ஒப்பிட்டால் ஐ5 எப்போதும் அதிகக் குளிராகத்தான் தெரியும், காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. குளிர்ந்த இடம் ஒரே வருடல் வரியில் கோடாக நீண்டு கிடந்தால் அது உணர்வியின் கோடு. மேகத்தின் குளிர்ச்சி குமிழாகத்தான் இருக்கும், விளிம்பு நோக்கிப் படிப்படியாகச் சூடாகும்.

இரவில் 3.74 மைக்ரோமீட்டர் ஐ4 அலைவரிசையை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. 300 கெல்வினுக்கும் 162 கெல்வினுக்கும் இடையே அங்கே கதிர்வீச்சு சுமார் 55,000 மடங்கு குறைகிறது. சமிக்ஞை முழுக்க இரைச்சலுக்குள் மூழ்கிப்போய், மேக உச்சி முழுவதும் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை மேகத்தின் அமைப்பு என்று விளக்க முனைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஹிமாவாரிக்கு ஏன் இது தெரியவில்லை

அதே பகுதியை ஜப்பானின் ஹிமாவாரி-8, 140.7 டிகிரி கிழக்கில் புவிநிலைப் பாதையிலிருந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் அகச்சிவப்புப் பிக்சல் நேர் கீழே 2 கி.மீ. அதில் இந்தக் குளிர்ச்சி முழுமையாகத் தெரிய வாய்ப்பே இல்லை. கணக்கு எளிது.

2 கி.மீ. சதுரத்துக்குள் 375 மீட்டர்ப் பிக்சல்கள் ஏறக்குறைய 28 அடங்கும். அவற்றில் 4 மட்டும் 162 கெல்வின், மீதி 24-உம் 180 கெல்வின் என்று வைப்போம். 162-இன் கதிர்வீச்சு 0.26, 180-இன் கதிர்வீச்சு 0.56. சராசரி 0.52. அதை வெப்பநிலையாக மாற்றினால் 178 கெல்வின். உண்மையான உச்சியைவிட 16 டிகிரி சூடு. இந்தியாவின் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களின் 4 கி.மீ. பிக்சலில் இதே குமிழ் 179.5 ஆகிவிடும். சுற்றியுள்ள 180-இலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. பெரிய பிக்சல் சிறிய குளிர்ச்சியை விழுங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு விழுங்கும் என்பதைப் போட்டுப் பார்க்காததால்தான், ஒரு செயற்கைக்கோளின் குறைந்தபட்சத்தை இன்னொன்றின் குறைந்தபட்சத்தோடு பக்கத்தில் வைத்து, புயல் வலுத்தது, தளர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும்போது இன்னொரு சிக்கல். புவிநிலைச் செயற்கைக்கோள் சாய்வாகப் பார்ப்பதால், உயரமான மேகம் தன் உண்மையான இடத்தைவிட அப்பால் தள்ளித் தெரியும். நவ்ருவுக்குத் தெற்கே அந்தப் பகுதியிலிருந்து ஹிமாவாரியைப் பார்த்தால் உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து அளக்கும் சாய்வு) சுமார் 31 டிகிரி. 20 கி.மீ. உயர மேகம் 12 கி.மீ. கிழக்கே நகர்ந்து தெரியும், ஹிமாவாரியின் ஆறு பிக்சல் தூரம். துருவப்பாதைச் செயற்கைக்கோளுக்கும் இது உண்டு. பட்டையின் ஓரத்தில் 70 டிகிரி உச்சிக்கோணத்தில் அதே மேகம் 55 கி.மீ. தள்ளித் தெரியும். திருத்தாமல் பொருத்தினால் ஒன்றின் குளிர்க் குமிழ் மற்றொன்றின் சூடான பட்டடை மேல் விழுந்து, இரண்டும் முரண்படுகின்றன என்ற பொய்யான முடிவு வந்து சேரும். நம் பக்கத்துக் கணக்கும் சொல்லிவிடலாம்: 82 டிகிரி கிழக்கிலிருந்து இன்சாட் பார்க்கும்போது சென்னைக்கு மேலுள்ள 16 கி.மீ. உயர மேகம் சுமார் 4.4 கி.மீ. வடக்கே விலகித் தெரியும். ஒரு பிக்சல்தான், ஆனால் ராடார் படத்தோடு பொருத்தும்போது தெளிவாக உறுத்தும்.

காலமும் ஒரு காரணம். இடிமேகங்கள் வழக்கமாக நின்றுவிடும் உயர எல்லையைத் தாண்டி எழும் உச்சி சில நிமிடங்களில் எழுந்து சில நிமிடங்களில் அமிழ்ந்துவிடும். 10 நிமிட இடைவெளியில் அதன் உச்சக் கணம் தப்பிப் போகலாம். ஒரு துருவப்பாதைக் கோளோ நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஓர் இடத்தை நாளுக்குச் சுமார் இருமுறைதான் பார்க்கிறது. நோவா-20 சரியான நிமிடத்தில் மேலே இருந்தது வாய்ப்பின் விளைவு. பார்க்கப்படாமலே போன இதைவிடக் குளிர்ந்த உச்சிகள் நிச்சயம் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

மேகத்தின் பக்கம்

கருவி தெளிந்துவிட்டது என்று கொள்வோம். மேகம் எப்படி இவ்வளவு குளிர்ந்தது?

வெப்பமண்டலத்தில் உயரம் போகப் போகக் காற்று குளிர்ந்து, சுமார் 16.5 முதல் 17 கி.மீ.யில் ட்ரோப்போபாஸ் எல்லையை எட்டும். மேற்குப் பசிபிக்கில் டிசம்பரில் அங்கே 188 கெல்வின் அளவில் இருப்பது வழக்கம். அதற்கு மேல் ஸ்ட்ராட்டோஸ்பியரில் வெப்பநிலை மீண்டும் ஏறும். சாதாரண இடிமேகம் இந்த எல்லையில் தட்டிப் பக்கவாட்டில் பட்டடையாகப் பரவிவிடும். மேலெழும் காற்று மிக வேகமாக இருந்தால் உந்தத்தினாலேயே எல்லையைத் தாண்டும். தாண்டிய காற்று சுற்றுப்புறத்தோடு சூடாவதில்லை. விரிவடைந்துகொண்டே போவதால் தொடர்ந்து குளிர்கிறது. கலப்பே இல்லாவிட்டால் கி.மீ.க்கு 9.8 டிகிரி. சுற்றியுள்ள சூடான காற்று கொஞ்சம் கலப்பதால் நடைமுறையில் 7 டிகிரி அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படிச் சூழலைவிடக் குளிர்ந்து கனத்துப்போன காற்று மேலே நிற்க முடியாமல் சரிந்துவிடுகிறது.

உயரக் கணக்கு: 188-இலிருந்து 162 கழித்தால் 26 டிகிரி. 7-ஆல் வகுத்தால் 3.7 கி.மீ. ட்ரோப்போபாஸ் 17 கி.மீ. என்றால் உச்சி 20.7 கி.மீ. 9.8-ஆல் வகுத்தால் 19.7 கி.மீ. குளிர்வு வீதத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே ஒரு கி.மீ. வேறுபாடு வந்துவிடுகிறது. ட்ரோப்போபாஸ் வெப்பநிலை அன்று அந்த இடத்தில் 3 டிகிரி வேறாக இருந்தால் இன்னும் 0.3 முதல் 0.4 கி.மீ. போகும். அந்த நேரத்து ரேடியோசோண்டு (பலூனில் அனுப்பும் அளவுகருவி) அருகில் இல்லாத கடல்பரப்பில் மறுபகுப்பாய்வுத் தரவைத்தான் (அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்துப் பெறும் தரவை) நம்ப வேண்டும். அதன் செங்குத்து அடுக்குகள் ட்ரோப்போபாஸை மழுக்கிக் காட்டும் என்பதையும் சேர்த்துப் பிழை எல்லை போட வேண்டும்.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு, 162 கெல்வினை எடுத்துக்கொண்டு சுற்றுப்புற வெப்பநிலை வரைபடத்தில் அது எந்த உயரத்தில் வருகிறது என்று தேடுவது. எங்கும் வராது. சூழலில் மிகக் குறைந்ததே 188. நிரலாக இதை எழுதியிருந்தால் அது பிழைச் செய்தி தரும், அல்லது பேசாமல் ட்ரோப்போபாஸ் உயரத்தையே விடையாக எழுதிவிட்டு அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். இரண்டாவது ஆபத்தானது. வெளியே வரும் உயரப் படம் ஒழுங்காகவே தெரியும், உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும்.

இந்த முறை முற்றாகக் கைவிடும் நிகழ்வு 2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் ஹுங்கா எரிமலை வெடிப்பு. அதன் புகைக்கூம்பு ஸ்ட்ராட்டோஸ்பியரையும் தாண்டி 57 கி.மீ. போனது. அந்த உயரங்களில் ஒரே வெப்பநிலை ஒன்றுக்கு மேற்பட்ட உயரங்களில் வரும் என்பதால் வெப்பநிலையிலிருந்து உயரம் சொல்வது பொருளற்றது. பிரவுடும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கோஸ்-17, ஹிமாவாரி-8, கொரியாவின் ஜிகே-2ஏ ஆகிய மூன்று செயற்கைக்கோள்களின் படங்களில் தெரிந்த இடமாறு தோற்றத்தை வைத்து வடிவியல் முறையில்தான் அந்த உயரத்தைக் கண்டார்கள். நவ்ரு மேகத்தில் தொல்லையாக இருந்த அதே விலகல் அங்கே அளவுகோலாகிவிட்டது.

இனி மேகத்தின் பக்கத்துப் பிழைகள். அகச்சிவப்பு மேகத்தின் தோலை மட்டும் பார்ப்பதில்லை, சற்று உள்ளே நுழைந்து பார்க்கும். ஒரு கன மீட்டரில் 0.1 கிராம் பனி, பனித்துகளின் பயனுறு (சராசரி) ஆரம் 30 மைக்ரோமீட்டர் என்றால், ஒளியியல் தடிமன் ஒன்றை எட்ட, அதாவது கீழிருந்து வரும் கதிர்வீச்சில் பெரும்பகுதி தடுக்கப்பட, ஏறத்தாழ 350 முதல் 400 மீட்டர் ஆகும். பனி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அந்தத் தூரம் சில கி.மீ. ஆகிவிடும். மெல்லிய பட்டடை விளிம்புகளில் நாம் அளப்பது மேகத்தின் உச்சியை அல்ல, அதற்கு வெகு கீழேயுள்ள ஏதோ ஒன்றை. வீரியமான எழுச்சி மையத்தில் பனி அடர்த்தி மிக அதிகம் என்பதால் இந்தப் பிழை சுருங்குகிறது, மறைவதில்லை. 162 கெல்வின் உச்சியின் வழியாக, கீழேயுள்ள 220 கெல்வின் மேகத்தின் கதிர்வீச்சு வெறும் 5 சதவீதம் கசிந்தாலும் உணரி 168 என்று காட்டும். 6 டிகிரி சூடு, 5 சதவீதக் கசிவுக்கு! பிக்சல் கலப்பும் இதே திசை, கசிவும் இதே திசை.

எதிர்த்திசையில் போவது ஒன்றுண்டு. பனிப்படிகம் கொஞ்சம் சிதறவும் செய்வதால் தடித்த மேகத்தின் உமிழ்திறன் சரியாக 1 அல்ல. அது 0.98 என்று வைத்தால் 162 கெல்வினில் 0.4 டிகிரி குளிராகத் தெரியும். அவ்வளவே.

துருத்தி நிற்கும் உச்சிதானா என்பதை உறுதிசெய்ய நீராவி அலைவரிசை உதவும். ஹிமாவாரியின் 6.2 மைக்ரோமீட்டர் ஒளிர்வு வெப்பநிலையிலிருந்து 10.4 மைக்ரோமீட்டர் ஒளிர்வு வெப்பநிலையைக் கழித்தால் தெளிவான வானில் பெரும் எதிர்மறை எண் வரும். எல்லை தாண்டிய உச்சிக்கு மேல் அது நேர்மறையாகும். உச்சிக்கு மேலேயுள்ள சூடான ஸ்ட்ராட்டோஸ்பியர் நீராவி 6.2-இல் கொஞ்சம் கூடுதலாக உமிழ்வதே காரணம். கூடவே 10.8, 12 மைக்ரோமீட்டர் ஒளிர்வு வெப்பநிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். தடித்த மேகத்தில் பூச்சியத்தை ஒட்டி நிற்கும், மெல்லிய பனிமேகத்தில் நேர்மறையாகும், எரிமலைச் சாம்பலில் எதிர்மறையாகும். குளிர்ந்த உச்சியில் பூச்சியத்திலிருந்து அது எங்கே விலகுகிறதோ அங்கே கசிவு இருக்கிறது. ஆனால் முன்சொன்ன இரைச்சல் இரண்டு அலைவரிசையிலும் ஏறுவதால், கழித்து வரும் எண்ணில் அது 1.4 மடங்காகும். ஒரு பிக்சலின் வேறுபாட்டை வைத்து முடிவெடுக்க முடியாது.

கோப்பும் வண்ணமும் செய்யும் மறைப்பு

அளவீடு சரியாக இருந்தும் பயனரின் கைக்கு வருவதற்குள் குளிர்ச்சி காணாமல் போவது உண்டு. புயல் வலிமை கணிக்கும் டுவோராக் முறையில் பயன்படும் ‘பிடி’ (BD) என்ற சாம்பல் வண்ண அட்டவணையில் கடைசிப் படி மைனஸ் 81 டிகிரி. அதற்குக் கீழே மைனஸ் 82-உம் மைனஸ் 111-உம் ஒரே சாம்பல். புயலுக்கு அது போதும். உச்சிகளை ஆராய்வதற்குப் போதவே போதாது.

8 பிட் கோப்புகள் இன்னும் மோசம். பழைய கோஸ் படங்களில் வழங்கிய மாற்றீட்டில் எண்ணளவு 176 வரை அரை டிகிரிப் படி. அதற்கு மேல், அதாவது குளிர்ந்த பக்கத்தில், ஒரு டிகிரிப் படி. அதிகபட்ச எண் 255-க்கு விடை 163 கெல்வின். நவ்ரு மேகத்தை அந்தக் கோப்பில் எழுதவே இடமில்லை. நாற்பதாண்டுத் தொகுப்பில் மிகக் குறைந்த வெப்பநிலை தேடுபவர்கள் முதலில் ஒவ்வொரு காலகட்டத்துக் கோப்பும் எந்த எண்ணில் முட்டுகிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். வரலாற்றுச் சாதனை என்று நினைப்பது சில நேரம் கோப்பின் கூரையாக இருக்கும்.

இன்சாட்-3டி வரிசைத் தரவு இஸ்ரோவின் மோஸ்டாக் இணையதளத்தில் கிடைக்கிறது. அகச்சிவப்பு எண்ணளவு 10 பிட். ஒவ்வோர் எண்ணளவுக்கும் உரிய வெப்பநிலை அட்டவணை கோப்பினுள்ளேயே இருக்கும். 340 கெல்வின் வரையிலான கதிர்வீச்சை 1,023 சமபடிகளாகப் பிரித்ததாக வைத்துக்கொண்டால், 300 கெல்வினில் ஒரு படி 0.1 டிகிரி, 190-இல் 0.5 டிகிரி, 162-இல் 1.2 டிகிரி. வங்கக்கடல் புயல்களின் உச்சியில் வெப்பநிலை வழுக்கிச் செல்லாமல் படிப்படியாகத் தாவுவது இதனால்தான். அந்தத் தாவலை மேகத்தில் உள்ள அடுக்குகள் என்று படித்துவிடக் கூடாது. படத்தைப் பெரிதாக்கும்போது மென்பொருள் தானாகச் செய்யும் இடைச்செருகலையும் அணைத்துவிட வேண்டும். அது பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து குறைந்தபட்சத்தை மழுக்கும். சில முறைகளில் இல்லாத குளிர்ச்சியையும் உருவாக்கும்.

கூடிவருகிறதா

2021 கட்டுரை ஒரு போக்கையும் சொன்னது. மிகக் குளிர்ந்த இடிமேகங்கள் அண்மைய மூன்று ஆண்டுகளில், அதற்கு முந்தைய 13 ஆண்டுகளில் வந்த அளவுக்குச் சமமாக வந்திருக்கின்றன என்பது அது. கவலைக்குரிய செய்திதான். கடும் இடி, ஆலங்கட்டி, சூறைக்காற்று மூன்றும் குளிர்ந்த உச்சியோடு சேர்ந்தே வருபவை. ஆனால் மூன்று ஆண்டு எண்ணிக்கை எல் நினோ, லா நினா போன்ற ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்துக்கு எளிதில் வசப்படும். அதைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத இன்னும் நீண்ட தொடர் வேண்டும்.

அந்தத் தொடரை நீட்ட விரும்புபவர்கள் பிக்சல் அளவை மாற்றவே கூடாது. 1 கி.மீ. உணரியின் பத்தாண்டையும் 375 மீட்டர் உணரியின் பத்தாண்டையும் ஒட்டவைத்தால், மேலே போட்ட கணக்குப்படி வானம் மாறாமலே பல டிகிரிக் குளிர்ச்சி பிறக்கும். சிறிய பிக்சலைக் கதிர்வீச்சில் கூட்டிப் பெரிதாக்கித்தான் இணைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சரிப்படாது. கடந்துபோகும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் கடல்மேல் ஆழ்ந்த மேகங்கள் பின்னிரவிலும் விடியலை ஒட்டியும் வலுப்பவை. 2002 முதல் பிற்பகல், பின்னிரவு 1.30 மணி அளவில் நிலநடுக்கோட்டைக் கடந்துவந்த நாசாவின் அக்வா செயற்கைக்கோள், எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பாதைப் பராமரிப்பை நிறுத்திய பிறகு நேரம் தள்ளித் தள்ளிக் கடக்கத் தொடங்கியது. 2022-க்குப் பிந்தைய அக்வா தரவை அதற்கு முந்தையதோடு நேரடியாகச் சேர்த்து எண்ணினால், பின்னிரவு மேகங்கள் கூடியதாக ஒரு வளைகோடு கிடைக்கும். அந்த ஏற்றத்தில் எவ்வளவு கடிகாரத்தினால் வந்தது என்பதை, நேரம் மாறாமல் கடக்கும் நோவா-20-ஐப் பக்கத்தில் வைத்துத்தான் பிரித்தெடுக்க முடியும்.